படம் வராத பெட்டி: சென்னையில் திரை பழுதுபார்த்த அரை நூற்றாண்டு

திரையில் படம் வராத பெட்டியைப் பழுதுபார்க்கும் தொழில் சென்னையில் 1975 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு பிறந்தது. அன்றுதான் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதுவரை நகரத்து மெக்கானிக்குகளுக்குக் காதுதான் முதற்கருவி. 1924-இல் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பத் தொடங்கியது. பின்னர் மாநகராட்சி அந்தப் பணியை எடுத்து நடத்தியது. 1938-இல் அகில இந்திய வானொலி வந்தது. இவற்றைக் கேட்க வாங்கிய வால்வு ரேடியோக்களைச் சீர்செய்தவர்கள்தான் இந்தத் தொழிலின் மூத்த தலைமுறை.

அவர்களுடைய சோதனை முறை எளிமையானது. ரேடியோ ஊமையாக இருந்தால், வால்யூம் கட்டுப்பாட்டின் நடு முனையை ஸ்க்ரூ டிரைவரால் தொடுவார்கள். ஸ்பீக்கரில் 'உர்' என்று இரைச்சல் கேட்டால் அங்கிருந்து ஸ்பீக்கர் வரையிலான பகுதி நன்றாக இருக்கிறது, பழுது அதற்கு முந்தைய பகுதியில் உள்ளது என்று பொருள். இரைச்சல் கேட்கவில்லை என்றால் பழுது பிந்தைய பகுதியில். சமிக்ஞை எதுவரை வந்தது, எங்கே நின்றது என்பதே கேள்வி. பின்னால் எத்தனையோ கருவிகள் வந்தும் இந்தக் கேள்வி மாறவில்லை.

தொலைக்காட்சி இதே கேள்வியை இரண்டு வழிகளில் கேட்க வைத்தது. ஆன்டெனாவிலிருந்து ஒன்றாக வரும் ஒலியும் படமும் பெட்டிக்குள் ஓரிடத்தில் பிரிகின்றன. ஆகவே, "சவுண்டு வருது, படம் வரலை" என்று வாடிக்கையாளர் சொன்னதும் மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்துவிடும். டியூனரும் பிரிவதற்கு முந்தைய பகுதியும் நலம். பார்க்க வேண்டியது படத்துக்கு உரிய சர்க்யூட்டையும், பிக்சர் டியூப்புக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் தரும் உயர் அழுத்தப் பகுதியையும். படமும் வரவில்லை, ஒலியும் வரவில்லை என்றால் பவர் சப்ளையில் தொடங்க வேண்டும். ஈசி டிவியும், சென்னையிலேயே தயாரான டயனோராவும் சாலிடேரும் வீடுகளுக்குள் புகுந்த காலத்திலும், 1982-க்குப் பின் வண்ணப் பெட்டிகள் வந்த காலத்திலும், இந்த அறிவு தெருவுக்குத் தெரு பரவியது. பெட்டி செத்துவிட்டதா, காட்ட முடியாமல் இருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பதே அந்த அறிவின் சாரம். இன்றைய மடிக்கணினிப் பழுதுபார்ப்பும் அங்கேதான் நிற்கிறது.

இந்தத் தொழிலுக்கு உதிரிபாகம் தந்த இடம் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. அது சிந்தாதிரிப்பேட்டையைச் சேர்ந்தது. சிந்தாதிரிப்பேட்டையோ 1734-இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்த உருவாக்கிய ஊர். சின்னத் தறிப்பேட்டை என்ற பெயரே திரிந்து இப்படி ஆனது என்பார்கள். தறிகள் போய், பக்கத்து மீரான் சாகிபு தெருவில் சினிமா விநியோகஸ்தர்கள் அலுவலகம் வைத்தார்கள். ரிச்சி தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் ரேடியோ உதிரிபாகக் கடைகள் வந்தன. வால்வு, டிரான்சிஸ்டர், கண்டென்சர், பிக்சர் டியூப், பிறகு கணினி என்று சரக்கு மாறிக்கொண்டே இருந்தது. கடற்கரைப் பக்கம், பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969-இல் அமைந்த பர்மா பஜார் வெளிநாட்டுப் பெட்டிகளை விற்றது. அவை பழுதானால் பாகம் தேடி வர வேண்டிய இடம் ரிச்சி தெருதான். டெல்லிக்கு நேரு பிளேஸ் எப்படியோ, சென்னைக்கு அந்தத் தெரு அப்படி.

சென்னைக்குக் கணினி தொலைக்காட்சிக்கும் முன்பே வந்திருந்தது. ஐஐடியில் 1973-இல் நிறுவிய ஐபிஎம் 370/155 ஒரு தனி அறையை நிரப்பும் இயந்திரம்; அதைத் தெரு மெக்கானிக் தொட வழியில்லை. அவர் கைக்குக் கணினி வந்தது, ஐபிஎம் 1981-இல் வெளியிட்ட பர்சனல் கம்ப்யூட்டரின் வழியில் வந்த பெட்டிகளால். 1984-இல் இந்திய அரசின் புதிய கணினிக் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தியதும், 1991-க்குப் பின் கதவு இன்னும் திறந்ததும், பாகங்களை வாங்கிப் பூட்டிய 'அசெம்பிள்டு' கணினி நகரெங்கும் பெருகியது.

கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் கிளம்பாத கணினி என்ற சங்கதி அந்த முதல் பெட்டியிலேயே இருக்கிறது. ஐபிஎம் பிசியின் தாய்ப்பலகையில் திரைக்கான சர்க்யூட் எதுவும் கிடையாது. தனியாக ஒரு டிஸ்ப்ளே கார்டு செருகியே ஆக வேண்டும். செருகாமல் சுவிட்சைப் போட்டால், பெட்டி தன்னைத் தானே சோதித்து, கார்டு இல்லை என்று கண்டு, ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் எழுப்பும். திரை இல்லாதபோது பேச ஒலியைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. ரேடியோ காலத்துக் காது மறுபடி பயன்பட்டது. பீப் சத்தத்தை எண்ணி, பழுது ராம் என்ற நினைவகத்திலா, டிஸ்ப்ளே கார்டிலா என்று சொல்லும் பழக்கம் அன்று தொடங்கியது. கார்டைக் கழற்றி, அதன் தங்கமுலாம் பூசிய முனைகளைப் பள்ளிக்கூடத்து அழிரப்பரால் தேய்த்து மறுபடி செருகுவது முதல் வைத்தியம். கடலோர ஊரின் ஈரக்காற்றில் கறுத்துப்போகும் முனைகளுக்கு அது உண்மையிலேயே வேலை செய்தது, இன்றும் செய்கிறது.

1999-இல் இன்டெல் 810 சிப்செட் வந்தது. கிராபிக்ஸ் பகுதியை அது தன்னுள்ளேயே வைத்திருந்ததால் மலிவான கணினிக்குத் தனி கார்டு தேவைப்படவில்லை. 'ஆன்போர்டு டிஸ்ப்ளே' என்ற சொல் கடைகளில் புழங்கத் தொடங்கியது. அதோடு ஒரு புதிய சோதனையும் பிறந்தது: படம் வராவிட்டால் கார்டைக் கழற்றிவிட்டு, கேபிளை ஆன்போர்டு முனையில் மாட்டிப் பார். படம் வந்தால் கார்டு பழுது. மேசைக் கணினியில் இது ஒரு நிமிட வேலை. மடிக்கணினியில் இதே வேலை பல ஆண்டுகளுக்குப் பெரும் தலைவலியாக இருந்தது.

தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான உலக வணிக உடன்பாட்டின்படி இந்தியா 2005-க்குள் கணினி மீதான சுங்க வரியை நீக்கியது. விலை குறைந்து மடிக்கணினி நடுத்தர வீட்டுக்குள் வந்தது. அப்போது இன்டெல் தன் மடிக்கணினி சிப்செட்டை இரண்டு வகையாக விற்றது. பெயர் ஜிஎம் என்று தொடங்கினால் உள்ளே கிராபிக்ஸ் உண்டு. பிஎம் என்று தொடங்கினால் இல்லை. ஜிஎம்45-க்குத் திரையை இயக்கத் தெரியும், பிஎம்45-க்குத் தெரியாது. பிஎம் பலகையில் என்விடியா அல்லது ஏடிஐ சிப் பழுதானால் படம் வர வேறு வழியே கிடையாது. வெளியே ஒரே பெயர், ஒரே உறை. உள்ளே ஓர் எழுத்து வித்தியாசம். அதை அறியாமல் 'கிராபிக்ஸை எடுத்துவிட்டு ஓட்டித் தருகிறேன்' என்று வாக்குக் கொடுத்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

இங்கே ஈயத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழில் பற்றவைக்கும் உலோகத்துக்கே ஈயம் என்றுதான் பெயர். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைப் பெருமளவு தடை செய்தது. உலகச் சந்தைக்குப் பொருள் செய்யும் தொழிற்சாலைகள் வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த கலவைக்கு மாறின. பழைய ஈயக் கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகும். புதியது சுமார் 217 டிகிரியில். புதியது விறைப்பு மிகுந்தது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி விரிந்து சுருங்கும் இடத்தில் அதன் நடத்தை வேறு.

ஏறக்குறைய அதே காலத்தில் ஒரு பெரிய பழுதும் வந்து சேர்ந்தது. 2008 ஜூலையில் என்விடியா, தன் மடிக்கணினி கிராபிக்ஸ் சிப்புகள் சிலவற்றில் பொருள் பலவீனம் இருப்பதை ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. 8400எம், 8600எம் வரிசைகள் கொண்ட மடிக்கணினிகள் உலகெங்கும் திரை கறுத்துத் திரும்பின. சிப்பைச் சூடாக்கினால் படம் வந்தது. ஹாட் ஏர் காட்டியும், பலகையை அடுப்பில் வைத்தும் உயிர் கொடுத்தார்கள். சில வாரம், சில மாதம் ஓடிவிட்டு மறுபடி நின்றது. காரணம் எளிது: பழுது, சிப்புக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள ஈய உருண்டைகளில் இல்லை, சிப்பின் உள்ளே, சிலிக்கான் துண்டையும் அதன் அடித்தட்டையும் இணைக்கும் நுண்ணிய புள்ளிகளில் இருந்தது. வெளி உருண்டைகளை மாற்றும் 'ரீபாலிங்' அதைத் தொடவே இல்லை. திருத்திச் செய்யப்பட்ட புதிய சிப்பைப் பொருத்துவதே உண்மையான வைத்தியம். ரீபாலிங் என்ற பலகை பல கடை வாசலில் தொங்கிய காலம் அது; பழைய சிப்பையே சூடாக்கி, வேலை முடிந்தது என்று கொடுத்தது இந்தத் தொழிலுக்கு நேர்ந்த பெரிய அவப்பெயர். சிப்பை மாற்றினோம், இன்ன தேதியிட்ட சிப் போட்டோம் என்று எழுதிக் கொடுத்த கடைகள்தாம் நிலைத்த நம்பிக்கையைப் பெற்றன.

2010-இல் இரண்டு மாற்றங்கள் ஒருசேர வந்தன. இன்டெல் தன் பிராசசரின் உறைக்குள்ளேயே கிராபிக்ஸை வைத்தது. 2011-இல் சாண்டி பிரிட்ஜ் வரிசையில் இரண்டும் ஒரே சிலிக்கானில் சேர்ந்தன. என்விடியா 2010 பிப்ரவரியில் ஆப்டிமஸ் என்ற முறையை அறிவித்தது. இதில் திரையோடு கம்பியால் இணைந்திருப்பது பிராசசரின் கிராபிக்ஸ் மட்டும். தனி கிராபிக்ஸ் சிப் கனமான படங்களை வரைந்து, அவற்றை பிராசசரின் பக்கம் நகலெடுத்துத் தரும். திரைக்கு அனுப்புவது பிராசசர். இப்படிப்பட்ட பலகையில் தனி சிப் இறந்தாலும் திரை எரிய வேண்டும்.

சென்னைப் பட்டறைகளில் 'கிராபிக்ஸ் பைபாஸ்' என்ற வேலை இதிலிருந்து கிளம்பியது. மடிக்கணினியின் மூடியில் எந்த நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், பலகையைச் செய்வது பெரும்பாலும் குவாண்டா, காம்பல், விஸ்ட்ரான் போன்ற தைவான் நிறுவனங்கள்தாம். அவை ஒரே பலகையைத் தனி கிராபிக்ஸோடும் இல்லாமலும் இரண்டு விதமாகச் செய்கின்றன. சர்க்யூட் வரைபடத்தில் சில ரெசிஸ்டர்களின் பக்கத்தில் யூஎம்ஏ என்றும், சிலவற்றின் பக்கத்தில் டிஐஎஸ் என்றும் குறித்திருப்பார்கள்: முதலாவது பிராசசரின் கிராபிக்ஸ் மட்டும் உள்ள வகைக்கு, இரண்டாவது தனி சிப் உள்ள வகைக்கு. டிஐஎஸ் பாகங்களை எடுத்து, யூஎம்ஏ பாகங்களைப் போட்டு, தனி சிப்புக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தி, அந்த வகைக்குரிய பயாஸை, அதாவது கணினியைக் கிளப்பும் மென்பொருளை, எழுதினால், பலகை தன் மலிவான உடன்பிறப்பாக மாறி ஓடும். 2011-ஆம் ஆண்டின் பெரிய மேக்புக் ப்ரோக்களில் ஏஎம்டி சிப் பரவலாகப் பழுதானபோதும் இவ்வாறே ஒரு சிறு ரெசிஸ்டரை எடுத்து, இன்டெல் கிராபிக்ஸில் மட்டும் ஓட வைத்தார்கள். ஆப்பிள் அவற்றுக்கு இலவசப் பழுதுபார்ப்புத் திட்டத்தை அறிவித்தது 2015-இல்தான்.

சென்னையில் இந்த மடிக்கணினிகள் பெருகிய சாலை பழைய மாமல்லபுரம் சாலை. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. அடுத்த ஊரான பெருங்குடி, ஏரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் சூழ்ந்த சிற்றூராக இருந்தது. தொழிற்பேட்டை ஏற்கெனவே இருந்தது. அதன் அருகே மென்பொருள் வளாகங்கள் எழுந்தன, பின்னர் உலக வர்த்தக மையமும் வந்தது. 2007 நவம்பரில் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை நீண்டபோது பெருங்குடிக்கும் நிலையம் கிடைத்தது. அதே பாதையில்தான் சிந்தாதிரிப்பேட்டை நிலையமும் இருக்கிறது. பழுதான லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பெருங்குடியில் ஏறினால், வண்டி மாறாமல் ரிச்சி தெருவின் அருகே இறங்கலாம். 2011-இல் பெருங்குடி மாநகராட்சியோடு சேர்ந்து 14-ஆவது மண்டலத்தின் பெயரானது. வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கங்களிலேயே சர்வீஸ் கடைகள் முளைத்தன. வாங்குவோர் இருக்கும் இடத்துக்குத் தொழில் நகர்ந்து வந்தது. பாகங்களுக்கு மட்டும் பழைய தெருவைப் பார்த்தது.

பெருங்குடியின் நிலமும் இந்தத் தொழிலில் கை வைத்தது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சதுப்பைச் சுற்றிய பகுதிகள் நீரில் நின்றன. தரைத்தளத்து வீடுகளில் மேசைக்கடியில் இருந்த பெட்டிகளும் பைக்குள் இருந்த மடிக்கணினிகளும் நனைந்தன. நனைந்த பலகையை உடனே ஆன் செய்வதுதான் அதைக் கொல்கிறது. பேட்டரியைக் கழற்றி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் கழுவி, நன்கு உலர்த்திய பிறகே மின்சாரம் காட்ட வேண்டும். அப்படிப் பிழைத்த பலகைகளிலும் சிப்புகளின் அடியில் தங்கிய ஈரம் மாதக்கணக்கில் செம்பை அரித்து, பிறகொரு நாள் 'நோ டிஸ்ப்ளே' என்று திரும்பி வரும்.

விளையாட்டுக்கென்று விற்கும் மடிக்கணினி இந்தச் சாலையில் விளையாட்டுக்கு மட்டும் வாங்கப்படுவதில்லை. முப்பரிமாண வரைகலை, படத்தொகுப்பு, கட்டட வரைபடம் என்று கனமான வேலை எல்லாவற்றுக்கும் அதே பெட்டிதான். அதன் உள்ளமைப்போ ஆப்டிமஸ் கொடுத்த வசதியைப் பல நேரம் பறித்துவிட்டது. படம் பிராசசர் வழியாகச் சுற்றி வருவதால் வேகத்தில் சிறிது இழப்பு உண்டு. அதைத் தவிர்க்கச் சில நிறுவனங்கள் திரையை நேரே கிராபிக்ஸ் சிப்போடு இணைத்தன. வேறு சில, எம்எக்ஸ்எம் என்ற, 2004-இல் என்விடியா கொண்டுவந்த, கழற்றி மாட்டக்கூடிய கார்டைப் பயன்படுத்தின. ஏலியன்வேர், எம்எஸ்ஐ, க்ளெவோ பெட்டிகளில் இவற்றைப் பார்க்கலாம். கழற்ற முடிகிறது என்பதாலேயே, கழற்றினால் பெட்டி ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

கார்டைக் கழற்றியதும் பெட்டி மௌனமாவதற்குக் காரணங்கள் பல. திரையின் கம்பி கார்டு வழியாகவே போனால், பிராசசரில் கிராபிக்ஸ் இருந்தும் படம் போக வழியில்லை. கணினி உண்மையில் ஓடிக்கொண்டே இருக்கும், காட்டத்தான் முடியாது. மேசைக் கணினி பிராசசரைப் பொருத்திய கனத்த பெட்டிகளில் அதன் கிராபிக்ஸைத் தயாரிப்பாளரே அணைத்துவைத்திருப்பது உண்டு. இரண்டு வழிகளுக்கும் நடுவே 'மக்ஸ்' என்ற மாற்றுச் சுவிட்ச் உள்ள இன்றைய பெட்டிகளில், தனி சிப் மட்டும் என்று பயாஸில் அமைத்த பிறகு அந்தச் சிப் இறந்தால், அமைப்பை மாற்றப் பார்க்க வேண்டிய திரையே இருண்டு கிடக்கும். பழைய பழக்கத்தில் சிறு பட்டன் பேட்டரியைக் கழற்றிவைத்தாலும் பல பெட்டிகளில் அமைப்பு அழிவதில்லை. அது பயாஸ் சிப்பிலேயே பதிந்திருக்கிறது. எட்டுக் கால் கொண்ட அந்தச் சிப்பைப் புரோகிராமரில் மாட்டி மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

இவற்றைவிட நுட்பமானது மின்சார வரிசை. மடிக்கணினியில் எல்லா மின்னழுத்தங்களும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஒன்று வந்து நிலைத்ததும் 'நான் சரி' என்று சமிக்ஞை தரும்; அதைப் பெற்ற பிறகே அடுத்தது கிளம்பும். கிராபிக்ஸ் பகுதியின் மின்னழுத்தமும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாக இருந்தால், அது விடுபட்டதும் பிராசசருக்கு அனுமதி கிடைக்காது. விளக்கு எரியும், விசிறி ஒரு நொடி சுற்றும், நின்றுவிடும். இதற்கு நேர் எதிரான பழுதும் உண்டு: கிராபிக்ஸ் பகுதியில் ஷார்ட் ஆகி, 19 வோல்ட் முதன்மைப் பாதையையே கீழே இழுத்துவிடும். அப்போது கார்டைக் கழற்றினால்தான் பெட்டிக்கு உயிர் வரும்.

ஆகவே தேர்ந்த பட்டறையில் வேலை இந்த முறையில் போகிறது. முதலில் அடாப்டரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுவார்கள். ராமைக் கழற்றித் தேய்த்து, ஒன்றை மட்டும் செருகுவார்கள். பிறகு கேப்ஸ் லாக்கைத் தட்டுவார்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால், பெட்டி உள்ளே ஓடுகிறது, திரைக்கு வழிதான் இல்லை. அடுத்தது வெளித் திரை. எச்டிஎம்ஐ முனை பல விளையாட்டு மடிக்கணினிகளில் தனி சிப்போடு நேரே இணைந்திருக்கும். உள் திரை இருண்டு வெளித் திரையில் படம் வந்தால் சிப் நலம், கேபிளையோ திரையையோ பார்க்க வேண்டும். இரண்டிலும் இல்லை என்றால் பலகையை மேசையில் வைத்து, மின்னோட்டம் காட்டும் பவர் சப்ளையில் இணைப்பார்கள். பட்டனை அழுத்தியதும் ஆம்பியர் எண் ஏறி இறங்கி ஏறினால் பெட்டி தன் சோதனையைச் செய்துகொண்டிருக்கிறது; ஓரிடத்தில் நின்றுவிட்டால் வரிசை அங்கே அறுந்திருக்கிறது; உடனே பாய்ந்து ஏறினால் ஷார்ட்.

மல்டிமீட்டர் வைக்கும்போது புதிதாகக் கற்பவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. கிராபிக்ஸ் சிப்பின் மையப் பாதையில் மின்தடை இயல்பாகவே மிகக் குறைவு. பெரிய சிப்புகளில் ஓர் ஓமுக்கும் கீழே போகலாம். அதை ஷார்ட் என்று எண்ணி நல்ல சிப்பைப் பிடுங்கிப் போட்ட கதைகள் ஏராளம். அதே வகை நல்ல பலகையின் அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி. அளவுகளை மாடல் வாரியாகக் குறித்து வைத்த நோட்டு, நல்ல மெக்கானிக்கின் மேசையில் ஹாட் ஏரைவிட விலை மதிப்புள்ளது.

இப்போது எம்எக்ஸ்எம் கார்டுகள் புதிய விளையாட்டு மடிக்கணினிகளிலிருந்து கிட்டத்தட்ட மறைந்துவிட்டன. சிப் பலகையிலேயே பற்றவைக்கப்படுகிறது. வரைபடங்களை நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. இந்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்ப்பு உரிமைக்கான இணையத்தளத்தைத் தொடங்கியது. தெருக் கடைக்கு வரைபடமும் புதுச் சிப்பும் கிடைக்கும் நிலை அதனால் மட்டும் வந்துவிடவில்லை. ஆகவே பாகங்கள் இறந்த பலகைகளிலிருந்துதான் வருகின்றன. பாகம் தானம் தரும் அவற்றுக்குக் கடைகளில் 'டோனர்' என்று பெயர். கிராபிக்ஸ் சிப் போன ஒரு பலகையிலிருந்து மின்னழுத்தச் சிப்புகள், பயாஸ் சிப், எச்டிஎம்ஐ முனை, ஒவ்வொரு கம்பிச்சுருளும்கூட எடுக்கப்படுகின்றன. எடுக்க எதுவும் மிஞ்சாத பலகை, 2012-இல் நடைமுறைக்கு வந்து 2016-இலும் 2023-இலும் புதுப்பிக்கப்பட்ட மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டும். பெருங்குடியில் இதன் அவசரம் கண்ணுக்கெதிரே தெரிகிறது: 1980-களிலிருந்து நகரத்தின் குப்பையைச் சதுப்பில் கொட்டிய கிடங்கு அங்கே இருக்கிறது, 2022 ஏப்ரலில் அது பற்றி எரிந்தபோது சுற்றுவட்டாரமே புகையில் மூழ்கியது. பழைய குப்பையை அகழ்ந்து பிரிக்கும் பணி அங்கே மேற்கொள்ளப்பட்டது.